உட்கார்ந்திருப்பவனும் நிற்பவனும்

இந்த ஊரில் யாரும் வாக்கியத்தை முடிப்பதில்லை. ஜப்பானுக்கு வந்த புதிதில் எனக்கு இதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. குளிர் பழகிவிட்டது, உப்புச் சப்பில்லாத சோறு பழகிவிட்டது, இது மட்டும் பழகவில்லை. காலையில் தொழிற்சாலை வாசலில் எங்கள் ஹன்ச்சோவிடம், அதாவது எங்கள் லைனுக்குப் பொறுப்பானவரிடம், சனிக்கிழமை லீவு கேட்பேன். அவர் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, "லீவு எடுப்பது நல்லதுதான், ஆனால்..." என்று சொல்லி நிறுத்திவிடுவார். அந்த ஆனாலுக்குப் பிறகு என்ன வரப்போகிறது என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒன்றும் வராது. லேசாகக் குனிந்து நிமிர்ந்து போய்விடுவார். முதல் தடவை, நல்லது என்றுதானே சொன்னார் என்று சனிக்கிழமை அறையிலேயே படுத்துவிட்டேன். திங்கட்கிழமை யாரும் திட்டவில்லை. ஆனால் அன்று முழுக்க ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் எழுமலையில் என்றால் நாலு வார்த்தை வைதிருப்பார்கள், மத்தியானம் சேர்ந்து டீ குடித்திருப்போம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பொதுமன்றத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு இலவசமாக ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறார்கள். டீச்சர் மோரி-சானுக்கு என் வயதுதான் இருக்கும்; வார நாட்களில் பல் ஆஸ்பத்திரியில் வேலை. அவர்தான் அந்த ஆனாலை எனக்கு விளக்கினார். இரண்டு விஷயங்களை எதிரெதிரே நிறுத்த வேண்டுமென்றால், இரண்டின் பின்னாலும் ஒரு 'வா' ஒட்டிக்கொள்ளும், நடுவில் 'ஆனால்' என்ற பொருளில் ஒரு 'கா' வரும். நட்சு வா அட்சுய் தெசு கா, ஃபுயு வா சமுய் தெசு. கோடை சூடு, குளிர்காலமோ குளிர். புத்தகத் தமிழில் நாம் போடும் அந்த 'ஓ' மாதிரி. அவனோ பணக்காரன், இவனோ ஏழை. எங்கள் ஊரில் அப்படி யார் பேசுகிறார்கள்? அங்கிட்டு ஒரு மாதிரி, இங்கிட்டு ஒரு மாதிரி என்று கையை ஆட்டிச் சொல்லிவிடுவோம். இங்கே பாதியைச் சொல்லி, 'கா'வில் நிறுத்தினால் போதும். எதிர்ப்பக்கத்தில் இருப்பதைக் கேட்கிறவர் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். பாதிக்கு மேல் சொல்வது எதிராளியை முட்டாளாக்குவது மாதிரி என்றார் மோரி-சான். இன்னொன்றும் சொன்னார். ஒரே ஒரு பொருளுக்கு 'வா' போட்டாலும், சொல்லாத இன்னொன்று பக்கத்தில் நிற்பதுபோல் ஆகிவிடுமாம். அது தெரியாமல் ஒருநாள் நலம் விசாரித்த மோரி-சானிடம் "கராதா வா கென்கி தெசு" என்றேன். உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னதாக என் நினைப்பு. அவர் நோட்டை மூடிவைத்துவிட்டு, அப்படியென்றால் எது நன்றாக இல்லை என்று கேட்டார். அக்காவைப் பற்றிச் சொல்ல அந்த மொழியில் என்னிடம் சொல் போதவில்லை.

என் அக்கா முத்துலட்சுமிக்கு நான் ஒரே தம்பி. அம்மா தவறியபோது நான் ஐந்தாம் வகுப்பு. அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நான் மதுரையில் பாலிடெக்னிக் முடிக்கும்வரை அவள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். இப்போது மச்சானோடும் மகள் மகிழ்மதியோடும் கே.கே. நகரில் இருக்கிறாள். மகிழுக்குக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அதுவும் ஒற்றைப்படை வயதில். ஒன்று, மூன்று, ஐந்து. ஒரு வயதில் குத்தியிருக்க வேண்டும், அப்போதுதான் நான் இங்கே வந்து இறங்கியிருந்தேன். மூன்றாவது வயதில் விசா மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு விசித்திரம் எனக்குப் புரிந்தது. இந்த நாட்டில் மொத்தமாக லீவு விடுவது மூன்றே தடவை. புத்தாண்டு லீவு மார்கழியில் வருகிறது, அப்போது நல்ல காரியம் கிடையாது. ஆகஸ்ட் லீவு ஆடியில், அப்போதும் கிடையாது. மே மாத லீவு சித்திரையில். அது அம்மா இறந்த மாதம், அக்கா அந்த மாதத்தில் எதையும் தொட மாட்டாள். இங்கே கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கே கதவை அடைக்கிறார்கள். பங்காளி வீட்டு அண்ணன்மார் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களும் மாமன் முறைதான். அவர்கள் மடியில் வைத்துக் குத்தலாம் என்று மச்சான் சொல்லிப் பார்த்திருக்கிறார். "கூடப் பெறந்தவன் இருக்கையில அடுத்தவுக மடி எதுக்கு?" என்று அக்கா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

இந்த வருடம் மகிழுக்கு ஐந்து வயது, அக்கா ஆவணியைக் குறித்தாள். கம்பெனியின் ஆகஸ்ட் லீவும் ஆடியும் ஏறக்குறைய ஒரே நாளில் முடிகின்றன. முகூர்த்தம் அதற்கு ஐந்தாம் நாள். இன்னும் ஒரு வாரம் சேர்த்துக் கேட்டால் போதும். கேட்டேன். ஹன்ச்சோ வழக்கம்போல் தலையைச் சாய்த்தார். "மருமகள் விசேஷம் முக்கியம்தான், ஆனால்..." அன்று எனக்கு எல்லாம் புரிந்தது. அந்த மாதம் இரண்டு பேர் குறைவு. அக்டோபரில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதில் அவர் ஒரு வரி எழுத வேண்டும். பழைய எழுமலைக்காரனாக இருந்தால் அங்கேயே நின்று, போயே ஆகணும் என்று சண்டை போட்டிருப்பேன். நானும் குனிந்து நிமிர்ந்துவிட்டு வந்தேன்.

அன்று சாயந்திரமே அக்கா கூப்பிட்டாள்.

"என்னப்பா, இந்த ஆவணிக்காச்சும் வந்துருவியா? பிள்ளைய பள்ளிக்கூடத்துல மூளிக் காதுன்னு கூப்புடுறாகளாம். அழுதுக்கிட்டு வந்து நிக்குது."

"வரணும்னுதான்க்கா இருக்கு. ஆனா இங்க கம்பெனியில..."

நிறுத்தினேன். அவள் எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"அம்புட்டுத்தான? நல்லவிதமா சொல்லிக் கேளு, குடுப்பாக. நீ வரணும்னு நெனச்சதே எனக்குப் போதும்ப்பா."

போனை வைத்துவிட்டாள். பழியை இந்த மொழியின் மேல் போட்டுவிடலாம்; பாதியில் நிறுத்துகிற பழக்கம் தொற்றிக்கொண்டது என்று சொன்னால் நாலு பேர் நம்பவும் செய்வார்கள். ஆனால் உண்மை அதுவல்ல. வரமாட்டேன் என்ற சொல்லை அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எதிரெதிர் வாக்கியங்கள் பத்து எழுதச் சொன்னார்கள். எல்லோரும் தங்கள் ஊரையும் இந்த ஊரையும் பற்றி எழுதினார்கள். நான் ஒன்பதை அப்படி எழுதிவிட்டு, பத்தாவதாக எழுதினேன்: அனே வா மத்தே இமாசு கா, வத்தாஷி வா இகிமாசென். அக்கா காத்திருக்கிறாள், நானோ போகப்போவதில்லை. தாளைத் திருப்பித் தந்தபோது மற்ற ஒன்பதுக்கும் மோரி-சான் வெறும் வட்டம் போட்டிருந்தார். பத்தாவதற்கு மட்டும் வட்டத்தைச் சுற்றி இதழ்கள் வரைந்து பூவாக்கியிருந்தார். பிழையே இல்லாத வாக்கியத்துக்குப் போடும் பூவாம் அது. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், இன்னும் இருக்கிறது.

அக்காவிடம் உண்மையைச் சொன்னபோது முகூர்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் பத்திரிகை அடித்தாகிவிட்டது. எழுமலைக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் பாதையில் பிளெக்ஸ் கட்டவும் சொல்லியாகிவிட்டது. 'தாய்மாமன் ஜப்பான் பாண்டி' என்று என் பெயர்தான் பெரிதாக. அக்கா போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து மச்சான் கூப்பிட்டார்.

"மாப்ள, எனக்கு ஒண்ணும் கோவமில்ல. ஒங்க அக்காதான் பேச மாட்டேங்குறா. நீ ஒண்ணு பண்ணு. சேர்ல உக்காந்தாப்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முட்டி தெரியணும். ரெண்டு காலும் சேந்திருக்கணும்."

"எதுக்கு மச்சான்?"

"பிளெக்ஸ் கடையில ஒரு வழி சொல்றாங்க. ஒன்னைய அப்படியே கட்-அவுட்டா எடுத்து, மடி இருக்க எடத்துல பலகை வச்சு அடிச்சுருவாங்களாம். பிள்ள அதுமேல உக்காந்துக்கிரலாம்."

"அது செத்துப்போன மாமனுக்குத்தான மச்சான் செய்வாக?"

"இப்பல்லாம் வெளிநாட்டுல இருக்கவுகளுக்கும் செய்றாகளாம் மாப்ள."

மறுநாள் மத்தியான இடைவேளையில் உடை மாற்றும் அறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அறையில் ஹன்ச்சோ மட்டும்தான் இருந்தார். போனைக் கொடுத்து, முழங்கால் தெரிய எடுக்கச் சொன்னேன். பாஸ்போர்ட்டுக்கா என்று கேட்டார். "இல்லை, அக்கா மகளுக்காக, ஆனால்..." என்று நானும் நிறுத்தினேன். அவர் ஆழமாகத் தலையாட்டினார். மிச்சத்தை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டாரோ தெரியாது. மாமனை மறக்காமல் இருக்க ஒரு படம் என்று நினைத்திருக்கலாம். "சிரிங்க," என்றார். சிரித்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று அவரே பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

விசேஷம் நடந்தபோது எனக்கு வேலை நேரம், போன் அலமாரிக்குள் இருந்தது. மூன்று மணி இடைவேளையில் மச்சான் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் நான் உட்கார்ந்திருந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, பட்டுப் பாவாடையில் மகிழ் என் மடியில். யாரோ பெரியவர் ஒருவர், "மொதல்ல தாய்மாமனுக்கு மாலையப் போடுங்கப்பா," என்கிறார். அதுதான் முறை. ஒரு கை மாலையோடு கட்-அவுட்டின் கழுத்துக்குப் போகிறது. படத்துக்கு மாலை எப்போது போடுவோம் என்பது எல்லோருக்கும் அந்த நொடியில்தான் உறைத்திருக்க வேண்டும். கொட்டுக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அக்கா பாய்ந்து வந்து மாலையைப் பிடுங்கினாள். "போடாதீக. என் தம்பி உசுரோட இருக்கான்." மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையிலும் பிடித்தபடி கடைசிவரை பக்கத்திலேயே நிற்கிறாள். ஆசாரி ஊசியை எடுத்துக் குத்துகிறார். பிள்ளை வீரிட்டு அழுது, திரும்பி என் சட்டையைப் பிடிக்கப் பார்க்கிறது. அச்சடித்த சட்டை. விரல்கள் வழுக்கி வழுக்கி விழுகின்றன. இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு லைனுக்குப் போய் நின்றேன். எங்கள் வேலை நின்றுகொண்டே செய்வது.

மூன்று வாரமாக அக்கா என்னோடு பேசவில்லை. கட்-அவுட்டை என்ன செய்தீர்கள் என்று மச்சானிடம் கேட்டேன். கோயிலிலேயே விட்டுவிட்டு வரலாம் என்றாராம். அக்கா வேனில் ஏற்றச் சொல்லிவிட்டாளாம். உயிரோடு இருப்பவனை மழையில் போட முடியுமா, எரிக்கத்தான் முடியுமா? துணி போட்டு மூடலாமென்றால் முகத்தை மூடுவதும் ஆகாது. அதனால் கே.கே. நகர் வீட்டு ஹாலில், டி.வி.க்கு எதிரே, சுவரோரமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். மகிழ் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மடியில் ஏறி உட்கார்ந்துதான் கார்ட்டூன் பார்க்கிறாளாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து ரயில் மேடையில் நின்றிருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. அக்காதான் என்று அவசரமாக எடுத்தேன். மகிழ். காதில் சின்னதாகத் தோடு. அக்கா பின்னால் சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா, போன் மாமா பேசுது."

"காது வலிக்குதாடா?" என்றேன்.

"இப்ப வலிக்கல. அன்னைக்கு ஜப்பான் மாமாவப் பிடிச்சேன், வழுக்குச்சு."

"நான்தான்டா ஜப்பான் மாமா."

அவள் திரையில் என்னைக் கூர்ந்து பார்த்தாள். "நீ போன் மாமா," என்றாள். "ஜப்பான் மாமா இங்க இருக்கு. இந்தா, பேசு." சொல்லிவிட்டு போனைத் திருப்பிக் கட்-அவுட்டின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ஹன்ச்சோ சிரிக்கச் சொன்ன சிரிப்பு அப்படியே இருந்தது. கால்கள் ஒழுங்காகச் சேர்ந்திருந்தன. தலைக்கு மேலே சுவரில் ஒரு ஆணி, அதில் அன்றைய மாலை காய்ந்து, நார் தெரியத் தொங்கியது. கழுத்தில் விழாமல் ஒரு முழம் தள்ளி மாட்டியிருந்தாள் அக்கா.

"பேசு மாமா," என்றாள் மகிழ். எங்கள் இருவரில் யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவன் வாயைத் திறக்கவில்லை. இங்கே நின்றிருந்தவனும் திறக்கவில்லை.