நாங்கள் வைத்த பெயர்

கம்பஸ் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை முதலில் கண்டது நான்தான். சமூகத்துக்கு ஏதாவது செய்யவோ சின்னதாக ஒரு தொழில் தொடங்கவோ யோசனை வைத்திருக்கும் மாணவர்களுக்குச் சிறு நிதியுதவி. இருவர் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, பின்னேரம் நான்கு மணி. நான் கண்டது வியாழன் மத்தியானம். அது போதும் எனக்கு. அந்த வயதில் எதையும் ஒரு நாளுக்கு மேல் யோசிக்கத் தெரியாது.

நூலகத்துக்கு ஓடிப்போய் என் சிநேகிதியை இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவள். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜின் மூன்றாம் மாடியில் இருந்தாள். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் கிளார்க். வீட்டில் தமிழ், ரோட்டில் சிங்களம், பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகளின் ஆங்கிலம் என்று வளர்ந்தவள். முதலாம் வருடத்தில், வடக்கிலிருந்து வருகிறவர்கள் கொழும்பில் தங்கக் கொடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுப் படிவத்தை அவளுக்குச் சிங்களத்தில் நிரப்பிக் கொடுத்தேன். அன்று தொடங்கியது எங்கள் பழக்கம்.

யோசனை அவளுடைய லொட்ஜிலேயே இருந்தது. ஒவ்வொரு அறையிலும் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கும் ஒரு குடும்பம். ஏ.எல். பரீட்சை எழுதவேண்டிய பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு நடைபாதையில் குந்தியிருந்தார்கள். "விசா வந்தாப் போயிடுவம், இப்ப என்னத்துக்குப் பள்ளிக்கூடம்" என்று தாய்மார் சொன்னார்கள். விசா ஒரு வருடமாகியும் வராது. எங்கள் கம்பஸ் நண்பர்களின் பழைய நோட்டுகளையும் வினாத்தாள்களையும் சேர்த்து, படியெடுத்து, இந்தப் பிள்ளைகளுக்குச் சுற்றுக்கு விடலாம். அவ்வளவுதான் திட்டம். இரண்டு மணித்தியாலத்தில் எழுதி முடித்தேன்.

பெயரில்தான் இடறியது. மூன்று மொழியிலும் எழுதச் சொல்லியிருந்தார்கள். சிங்களத்தில் எனக்கு உடனே வந்தது 'வியாபாரய'. அது நல்ல சொல். அவர்களுக்குக் கடையும் வியாபாரய, கூட்டுறவும் வியாபாரய, ஊர் திருத்தக் கிளம்புகிறவர்களும் வியாபாரய. அதையே தமிழில் வியாபாரம் என்றால் வெங்காய மணம் வரும். ஆகவே நான் மையால், அழகான எழுத்தில் எழுதினேன்: 'நோட்டுப் பரிமாற்ற இயக்கம்.'

அவள் எட்டிப் பார்த்தாள். "எடி, உனக்கென்ன விசரே? உந்தச் சொல்லு வேண்டாம்."

"ஏன்? வாசகசாலை இயக்கம், கூட்டுறவு இயக்கம் என்று உலகம் முழுக்க இருக்குதானே."

"உலகத்திலை இருக்கும். வெள்ளவத்தையிலை இல்லை."

"நீ பயந்தாங்கொள்ளி."

"ஓம், நான் பயந்தாங்கொள்ளிதான். மன்றம் எண்டு போடன்."

"மன்றம் என்றால் பொன்னாடை போர்த்துற கிழவன்மார்தான் ஞாபகம் வரும்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். இன்னொரு படிவம் எடுக்கப் போனால் நேரம் போய்விடும் என்பது என் கணக்கு. வடக்கில் பிறந்த யாருக்கும் 'இயக்கம்' என்றால் புலிகள் மட்டும்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது எங்கள் வீட்டில், மேசையில், தாழ்ந்த குரலில் சொல்கிற சொல். படிவத்தில் எழுதும்போது அது வேறு சொல் ஆகிவிடும் என்று நினைத்தேன். அவள் எனக்குக் கீழே கையெழுத்து வைத்தாள்.

நிதி கிடைத்தது. நேர்முகத்தில் பருத்திச் சேலை கட்டிய ஒரு மேடம் எங்களைப் பார்த்து மூன்று தடவை "லவ்லி" என்றார். கொடுத்த நோட்டு ஒவ்வொன்றிலும் திட்டத்தின் பெயர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. புறக்கோட்டையில் றப்பர் சீல் செய்யக் கொடுத்தேன். மூன்று மொழியும் ஒரே சீலில் அடங்காது என்றார் கடைக்காரர். "படிக்கிறது தமிழ்ப் பிள்ளைகள்தானே, தமிழ் போதும்" என்றேன். அதையும் நானே தீர்மானித்தேன்.

அந்த நாலு மாதம் போல ஒரு காலம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் 155 பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போவேன். அவளுடைய கட்டிலுக்குக் கீழே பெட்டி பெட்டியாக நோட்டுகள். பிள்ளைகள் கதவைத் தட்டி, "அக்கா, பௌதிகம் இரண்டாம் பகுதி இருக்கே?" என்று கேட்பார்கள். ஒரு பெடிச்சி படிக்கட்டில் இருந்து சேதன இரசாயனம் முழுவதையும் ஒரு கிழமையில் முடித்துவிட்டு, பிழை இருந்த இடங்களைச் சிவப்பால் திருத்தியே திருப்பித் தந்தாள். "எழுதினவனுக்குக் காட்டுவமே, எந்தக் கம்பஸ் அவன்?" என்று என் சிநேகிதி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சீல் குத்துவேன். அவள் பெட்டியில் அடுக்குவாள்.

பிறகு ஒரு விடியற்காலை லொட்ஜில் பொலிஸ் சுற்றிவளைப்பு வந்தது.

லொட்ஜ் மனேஜர் காலை எட்டு மணிக்கு எங்கள் அடுத்த வீட்டுக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னார். எல்லா அறையும் சோதித்தார்களாம். மற்றவர்களுக்கு அடையாள அட்டையும் பதிவும் பார்த்து விட்டுவிட்டார்களாம். அவளுடைய கட்டிலுக்குக் கீழே இருந்ததை எல்லாம் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, அவளையும் பெட்டிகளையும் ஜீப்பில் ஏற்றிப் போனார்களாம். "அந்தப் பிள்ளை செருப்புக்கூடப் போடேல்லை" என்றாராம்.

அப்பாவோடு பொலிஸுக்குப் போனேன். அவரை வெளியே வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் எங்கள் நோட்டு ஒன்று விரிந்து கிடந்தது. அதிகாரி கொஞ்சம் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர். சீலில் விரலை வைத்து, "இ... யக்... கம்" என்று வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் என் நல்ல சிங்களத்தில் விளக்கினேன். இது மாணவர் வேலை, ஒரு நிறுவனம் நிதி தந்தது, கடிதம் இருக்கிறது, இந்தச் சொல்லுக்கு 'வியாபாரயக்' என்றுதான் பொருள்.

"கடயக்த?" என்று கேட்டார். கடையா என்று. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் ஒரு கணம், எல்லாம் சரியாகிவிடும் போலத் தோன்றியது.

அதற்குப் பிறகு அவர் பேனாவை எடுத்தார். "கவுத நம தெம்மே?" பெயர் வைத்தது யார்?

'மம' என்று சொல்லியிருக்க வேண்டும். நான். சிங்களத்தில் அதற்கு இரண்டே எழுத்து. என் அடையாள அட்டையில் கொட்டாஞ்சேனை முகவரி இருந்தது. வெளியே அப்பா இருந்தார். திட்டத்தின் கடிதம் என் கையில் இருந்தது. அவளைவிட எனக்கு ஆபத்து குறைவு என்று அப்போதே தெரியும். என் வாயில் வந்தது, "அபி."

நாங்கள்.

"அபி கிவ்வே? கீ தெனெக்த?" நாங்கள் என்றால் எத்தனை பேர்?

"மாணவர்கள்" என்றேன். அவர் எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன். "நங்கி, கெதர யன்ன" என்றார். தங்கச்சி, வீட்டுக்குப் போ. நான் வீட்டுக்குப் போனேன்.

அவளைப் பல வாரம் வைத்திருந்தார்கள். வெள்ளவத்தையில் இருந்த அவளுடைய மாமா லோயர் பிடித்து, கடிதங்கள் சேர்த்து, அலைந்து திரிந்தார். பருத்திச் சேலை மேடமும் ஒரு கடிதம் கொடுத்தார், குறை சொல்ல முடியாது. இடையில் எங்கள் இறுதிப் பரீட்சை வந்தது. அவளுடைய சுட்டெண் ஒட்டிய மேசை எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தது. ஒவ்வொரு நாளும் மேற்பார்வையாளர் அதில் வினாத்தாளை வைத்து, அரை மணித்தியாலம் கழித்துத் திருப்பி எடுத்துப் போவார். எங்கள் தொகுதியில் முதல் வகுப்பு எடுத்து, விரிவுரையாளராக அங்கேயே நிற்கப் போகிறவள் அவள் என்று எல்லோரும் சொல்லிவைத்திருந்தோம்.

விட்டபிறகு மாமா வீட்டில் போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். தலைமுடியை வெட்டியிருந்தாள். பேன், என்றாள், நான் கேட்காமலே.

"எத்தினை பேர், எத்தினை பேர் எண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தவை" என்றாள்.

"என்ன எத்தனை பேர்?"

"பெயர் வைச்சது. நான் முதல் நாளே சொல்லிப்போட்டன், நான்தான் வைச்சனான், மற்றவளுக்கு ஒண்டும் தெரியாது எண்டு. நம்பிற மாதிரித்தான் இருந்தவை. பிறகு உன்ரை பேப்பரைக் கொண்டுவந்து வாசிச்சவை. அதிலை நாங்கள் எண்டு கிடந்தது. அப்ப நான் ஆரையோ மறைக்கிறன் எண்டு நினைச்சிட்டினம்."

"நான்தானே வைத்தேன். நீ வேண்டாம் என்றாய்."

"ஓம்" என்றாள். "நீதான் வைச்சனீ."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதற்கு இடமே வைக்காமல், என்னுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கொரு உதவி செய்வியே?" என்றாள்.

"சொல்லு, சொல்லு."

"சோதினையை அடுத்த வருசம் எழுத விடுவினமோ எண்டு கம்பஸிலை கேட்டுச் சொல்லு. எழுத்திலை வாங்கு. உன்னாலைதான் ஏலும்."

நான் ஓடினேன். எனக்குத் தெரிந்தது அதுதானே. துறைத் தலைவரிடம், பதிவாளர் அலுவலகத்தில், திரும்பவும் துறையில், மருத்துவச் சான்றிதழ் வேண்டாமா என்று கேட்டவர்களிடம், வேண்டாம் என்று வாதாடி, பத்து நாள். பதினோராம் நாள் கடிதம் கையில் கிடைத்தது. முழுப் பரீட்சையும் எழுதலாம், முதல் தடவையாகவே கணக்கெடுக்கப்படும், வகுப்புக் குறையாது. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் த்ரீவீலர் பிடித்து வெள்ளவத்தைக்குப் போனேன்.

மாமா கதவைத் திறந்தார். "அவள் போயிட்டாள், பிள்ளை. முந்தநாள். வெளிநாட்டுக்கு, தமையனிட்டை."

நான் கடிதத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று முழுவதும் வாசித்தார். பிறகு மடித்த மடிப்பிலேயே மடித்தார்.

"இதை எப்ப கேட்டவள் உம்மட்டை?"

"நான் வந்த அன்றைக்கு, மாமா."

"அண்டைக்குக் காலமைதானே பிளேன் ரிக்கெற் வந்தது" என்றார். "அவளின்ரை கையிலைதான் குடுத்தனான்."

கடிதத்தை என்னிடம் திருப்பித் தந்தார். தான் போவது நிச்சயம் என்று தெரிந்துகொண்டுதான் என்னை ஓட விட்டிருக்கிறாள். சும்மா இருந்தால் நான் என்ன ஆவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"இருந்திட்டுப் போமன், பிள்ளை" என்றார் மாமா. இல்லை என்று சொல்லிவிட்டு, காலி வீதிக்கு நடந்தேன்.