கீல்வாயுக் கூட்டத்தில் நான் இருந்த விரதம்

மெட்ராஸிலிருந்து வந்த பெரிய டாக்டர். அவர் பக்கத்தில் ஒரு துரை, அவரும் டாக்டர்தான். நாற்காலி வரிசையில் சேலத்து டாக்டர்கள். அவர்கள் இங்கிலீஷில் பேசுவதை எங்களுக்குச் சொல்ல ஒரு கம்பவுண்டர். கீழே பாயில், கை கால் முடங்கிய மலைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அதில் என் சம்பந்தியின் ஆத்தா. அவளைத் தூளி கட்டித் தூக்கி வந்த சம்பந்தி. என் பெண்சாதி. நான்.

சம்பந்தி மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்திருந்தேன். கலியாணம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மலைக்கு ரோடு கிடையாது. கீல்வாயு பற்றி டாக்டர்கள் சேலத்தில் மாநாடு நடத்தினார்கள். அது முடிந்த மறுநாள், நோயாளிகளை நேரில் பார்க்க மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு வந்து பந்தல் போட்டார்கள். கை ரொம்ப மோசமானவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், மாதக்கணக்கில் வைத்து ஊசி போடுவார்கள் என்று ஊர்க்கவுண்டரிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். அந்த ஊசிக்காகத்தான் மலைமேலுள்ள எங்கள் திருப்புலி நாட்டிலிருந்து இருட்டோடு இறங்கினோம்.

என் விரல் ஒன்றும் மடங்காது. இரண்டு வருஷமாகப் பெண்சாதிதான் சோறு ஊட்டினாள். வேட்டியும் அவள்தான் கட்டிவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவேன். கலியாணத்தில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தாம்பூலம் மாற்றத் தம்பியை விட்டேன். இப்போதும் பென்சிலை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துத்தான் எழுதுகிறேன். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சம்பந்தி வருவார் என்று தெரிந்திருந்தால் இறங்கியிருக்கமாட்டேன்.

"ஏனுங்க சம்மந்தி, நீங்களும் வைத்தியத்துக்குங்களா?" என்றார்.

"லேசாக் கொடைச்சலுங்க" என்றேன். கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டேன்.

பெரிய டாக்டர் பலகையில் ஒரு கையை வரைந்து ரொம்ப நேரம் பேசினார். பிறகு கம்பவுண்டர் ஒரு தார் மலைவாழைப்பழத்தோடு வந்தான்.

"ஆளுக்கு ஒரு பழம். எல்லாரும் பாக்கற மாதிரி உரிக்கணும். உரிக்க முடியாதவங்களுக்குத்தான் பஸ்ஸு."

முதலில் சம்பந்தியின் ஆத்தா. பழம் அவள் கையில் நிற்கவில்லை. மடியில் விழுந்தது.

"ஏஞ்சாமி, இம்புட்டுத் தொலவு தூக்கியாந்தது இந்த ஒத்தப் பழத்துக்குத்தானா? நீ உரிச்சு உரிச்சுக் குடு, தாரையே தின்னு காட்டறன்" என்றாள்.

பந்தலே சிரித்தது. துரைக்குச் சொன்னார்கள், அவரும் சிரித்தார். சம்பந்தி பழத்தை உரித்து அவள் வாயில் வைத்தார். அத்தனை பேர் முன்னாலும் அவள் நிதானமாக மென்று தின்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அடுத்தது நான். பெண்சாதி துண்டை விலக்கிவிட்டாள். டாக்டர் என் விரலை அழுத்திப் பார்த்தார். கம்பவுண்டர் பழத்தை நீட்டினான். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். சம்பந்தியும் பார்த்தார்.

"இன்னிக்கு விரதமுங்க" என்றேன்.

"திங்க வேண்டாம்ப்பா. உரிச்சா போதும்" என்றார் டாக்டர்.

"விரதத்துல பழத்தத் தொடக்கூடாதுங்க."

அப்படி ஒரு வழக்கம் எங்கள் மலையில் கிடையாது. டாக்டர் சம்பந்தி பக்கம் திரும்பி, "அப்படியாய்யா?" என்று கேட்டார். சம்பந்தி என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க. தொட்டா சாமி குத்தமுங்க" என்றார்.

கம்பவுண்டர் அதை இங்கிலீஷில் சொன்னான். துரை தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். டாக்டர் என் பெண்சாதியிடம் கேட்டார்.

"இவர் தன் கையாலயே சாப்பிடறாராம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பாயைப் பார்த்தேன்.

"சாப்பிடறாருங்க" என்றாள்.

டாக்டர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் பேர் வாசித்தார்கள். என் பேர் இல்லை. பெண்சாதி என்னைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"காலைல கூழு ஊட்டுனனே, அது எந்த விரதத்துல சேத்திங்க?"

"சம்மந்தி முன்னால எப்படிப் புள்ள..."

"என்ற கையுந்தான் வலிக்குது. அத நான் யாரு முன்னால சொல்றது?"

ஆத்தாவைப் பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டுச் சம்பந்தி வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கலியாணத்தன்னைக்கே தெரியுமுங்க, சம்மந்தி. உங்க தம்பி தாம்பூலம் மாத்தறப்பவே எங்காத்தா சொல்லிப்போட்டா. எங்க ஊட்லயும் அதே கைதானுங்களே. நீங்களா சொல்லாதப்ப நான் எப்படிங்க சொல்றது?"

பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கம்பவுண்டர் படியில் நின்று ஆள் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னால எடங் கெடக்குது பாருங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லீனா நான் போயிச் சொல்றன்" என்றாள் பெண்சாதி.

"வேண்டாம்" என்றேன்.

நிஜத்தைச் சொன்னால் சம்பந்தியும் பொய்யர் ஆகிவிடுவார் என்று அவளிடம் காரணம் சொன்னேன். அதுவும் சாக்குதான். அத்தனை பேர் முன்னால் அந்தப் பழத்தைக் கையில் வாங்க என்னால் முடியாது. அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் துண்டை எடுத்து மறுபடி கையை மூடிவிட்டாள்.

பஸ் போய்விட்டது. அதில் போனவர்கள் ஐந்து பேர்.