ஒரு கட்டத்தின் அளவு

ஒரு கட்டத்துக்குள் எவ்வளவு நிலத்தை அடக்கலாம்? எண்பதுகளின் பிற்பகுதியில், தேனியில் ஒரு குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் சேர்ந்த எனக்கு இது வெறும் கணக்காகவே தோன்றியது. அப்படி இல்லை என்பதை எங்கள் வரைவாளர் அக்காவின் மேசையருகில்தான் அறிந்தேன்.

மதுரையில் இருந்த கம்ப்யூட்டருக்குப் படம் புரியாது, எண்தான் புரியும். ஆகவே பள்ளத்தாக்கின் வரைபடத்தின் மேல் கட்டம் போட்ட கண்ணாடித்தாளை விரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எது மிகுதியோ அதற்குரிய எண்ணை அக்கா பென்சிலால் நிரப்புவார். வயலுக்கு ஓர் எண், காட்டுக்கு ஓர் எண், குடியிருப்புக்கு ஓர் எண். குடியிருப்பு எண் விழுந்த கட்டங்களுக்கே குழாய். கம்ப்யூட்டர் ஏற்கும் கட்டங்களின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு என்பதால், சுற்றுமலைகள் வரை எல்லாவற்றையும் அடக்கக் கட்டத்தைப் பெரிதாக்கச் சொன்னார் பொறியாளர். அப்படிச் செய்ததில், மயிலாடும்பாறைக்கு அப்பால் இருந்த சிறு காலனி ஒன்று, சுற்றியிருந்த தரிசு நிலத்தின் எண்ணுக்குள் கரைந்துபோயிற்று.

கட்டத்தைச் சிறிதாக்க வேண்டும் என்றார் அக்கா.

"சிறுசாக்கிட்டு மிச்சத்த எங்கன கொண்டுபோய் வைப்பீக? எந்தலையிலயா?" என்றார் பொறியாளர்.

நெடுநேரம் யோசித்த அக்கா, வெறும் காடு என்று கிடந்த மலைப்பகுதியைப் படத்திலிருந்து நீக்கினார். கட்டம் சிறிதாயிற்று. காலனிக்கென்று ஒரு கட்டம் கிடைத்தது.

மனுக் கொடுக்க வந்த காலனிப் பெண் ஒருவரிடம் அதைக் காட்டினார்.

"இம்புட்டூண்டா? எங்க ஆட்டுக் கெடையே இதவிடப் பெருசு தாயி" என்று அவர் சிரித்தார். பிறகு விரலை மேலே நகர்த்தினார். "எம் மகள மலைமேல ஏலத் தோட்டத்துல கட்டிக் குடுத்திருக்கேன். ஓடைத் தண்ணியக் குடிச்சுட்டு வருசா வருசம் காய்ச்சல்ல விழுறா. அவ எங்கன இருக்கா?"

விரல் தாளைத் தாண்டி மேசைப் பலகையில் நின்றது.

"அடுத்த திட்டத்துல பாத்துக்கிருவாக" என்று சொல்லிவிட்டுப் பொறியாளர் தாளை மதுரைக்கு அனுப்பினார்.

அக்கா யாரையும் ஏமாற்றவில்லை. இருந்த கட்டங்களைக் கொண்டு யாரை உள்ளே வைப்பது என்று முடிவெடுத்தார். அந்த முடிவு தம்முடையது என்பதுதான் அவரைச் சோர்வடையச் செய்தது. எவ்வளவு கவனமாக வரைந்தாலும் தாளுக்கு ஓர் ஓரம் இருக்கத்தான் செய்யும். அந்தச் சோர்வு எனக்கும் தொற்றிக்கொண்டது. இன்றும் முற்றாக விடவில்லை.

காலனிக்குக் குழாய் வந்தது. மலைக்கு, நான் அங்கே வேலை பார்த்தவரை வரவில்லை. ஆனால் அதன்பின், வரைபடத்தின் அளவை முடிவு செய்யும் ஒவ்வொரு கூட்டத்திலும், அந்த அளவில் விடுபட்டுப்போகும் குடியிருப்புகளின் பெயர்களை அக்கா முதலில் உரக்க வாசித்தார். அதன் பிறகே எங்கள் அலுவலகத்தில் கையெழுத்து விழுந்தது.