மழைக்குப் படித்த கொலைக்கதை

நான் எட்டாவது வரை படித்தவன். ஆகவே புத்தகங்களைப் பற்றி நான் சொல்லும் அபிப்பிராயத்துக்கும் எட்டாவது வரைக்குமான மதிப்பைத்தான் கொடுக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்கள் காலேஜில் படித்துவிட்டு வந்து, அப்பா தப்பும் தவறுமாக எழுதி வைத்திருக்கிறார் என்று குறைப்படக் கூடாது.

எனக்கு வேலை ஜவுளிக்கடையில். காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை துணியை விரித்துக் காட்டுவதும், வாங்காமல் போனவர்களுக்குப் பிறகு மடித்து வைப்பதும்தான். அதனால் புத்தகத்தையும் துணி பார்க்கிற கண்ணால்தான் பார்ப்பேன். நீதி புகட்டும் புத்தகங்கள் கஞ்சி போட்ட துணி. கடையில் மொடமொடவென்று நிற்கும். ஒரு நனைப்புக்குத் தாங்காது. பொய் சொல்லாதே, பொய் சொல்லாதே என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டே போனால், கடைசியில் ஒரு பொய் சொல்லித்தான் பார்ப்போமே என்று தோன்றிவிடும். வைத்தியப் புத்தகம் கம்பளி மாதிரி. உடம்பெல்லாம் குத்தும், ஆனால் வீட்டில் ஒன்று இருக்க வேண்டும். தேசயாத்திரைப் புத்தகம் பட்டு. பார்க்க நன்றாக இருக்கும், கட்டிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட முடியாது. துப்பறியும் நாவல் இருக்கிறதே, அது சீட்டித் துணி. மலிவு, சாயம் போகும், பெரிய மனிதர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் கடையில் முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

அப்படிப்பட்ட சீட்டித் துணி ஒன்றை இன்று வரை என்னால் முழுதாக விரித்துப் பார்க்க முடியவில்லை. அதற்குக் காரணம் உங்கள் அம்மா பிறந்த ஊர்.

மதுரைக் கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் போகிற வழியில் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்கும் பாய் ஒருவர் இருந்தார். பழங்காநத்தத்து வீட்டிலிருந்து ஆற்றைத் தாண்டி அவ்வளவு தூரம் நடப்பேன். அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்தையும் நடுவில் பிரித்துப் பார்க்கலாம். கடைசிப் பக்கத்தைத் தொடக் கூடாது. நின்ற இடத்திலேயே முடிவைத் தெரிந்துகொண்டு நழுவுகிறவர்களால் நிறைய நொந்தவர். ஒரு தீபாவளிக்குப் பிறகு, ஜவுளிக்கடை காற்றாடிய வாரத்தில், அவரிடம் மேலட்டையும் முதல் தாளும் இல்லாத ஒரு துப்பறியும் நாவல் வாங்கினேன். பெயர் என்ன, எழுதியவர் யார் என்று எதுவும் தெரியாது. கடைசி மட்டும் பத்திரமாக இருக்கிறது என்று பாய் சத்தியம் செய்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் மாமா வந்து உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. பேரையூர்ப் பக்கத்து மானாவாரிப் பூமி உங்களுக்குத் தெரியும். வானம் பார்த்துத்தான் வெள்ளாமை. வீட்டிலிருந்த பருத்தி விதை முழுவதையும் மண்ணில் போட்டிருந்தார். முளைத்தது விரல் உயரத்தில் நின்று மஞ்சளித்துக்கொண்டிருந்தது. ஐப்பசி முடியப்போகிறது, மழையைக் காணோம். இந்தப் பயிரும் கருகினால் காளைகள் இரண்டையும் சந்தைக்கு ஓட்டிவிட்டு மதுரையில் மில் வேலைக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். சொல்லும்போது காளைகள் என்ற வார்த்தையில் குரல் இறங்கிப்போனது.

மழை பொய்த்தால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்ச் சாவடியில் எல்லாரையும் கூட்டி, பழைய கதை ஒன்றைத் தினம் கொஞ்சமாகப் படித்து முடிப்பார்கள். முடிக்கிற சமயம் மழை இறங்கும் என்பது நம்பிக்கை. அவ்வூரில் வழக்கமாகப் படிக்கும் பெரியவருக்கு அந்த வருஷம் முன்பல் எல்லாம் விழுந்துவிட்டது. அவர் படித்தால் முன்வரிசைக்கு மட்டும்தான் மழை பெய்கிறது என்று ஊரில் கேலி. ஆகவே மாமா என்னைத் தேடி வந்திருந்தார்.

"நீங்க வந்து படிச்சுக் குடுங்க மாப்ள. எனக்கு வேற போக்கில்ல."

ஊருக்கு மருமகனானவனிடம் முதல் தடவையாக ஒரு காரியம் கேட்கிறார்கள். முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழித்துணைக்கு இருக்கட்டும் என்று பையில் ஒரு வைத்தியப் புத்தகம், ஒரு சீமை யாத்திரைப் புத்தகம், புதிதாக வாங்கிய அட்டையில்லாத நாவல் மூன்றையும் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் மத்தியானம் சாவடி நிறைந்திருந்தது. பழைய கதையைப் பயபக்தியோடு படித்தேன். ராகம் எனக்கு வராது. கஜம் போட்டுத் துணி அளக்கிறவன் குரலில் ஒரே அளவாகப் படித்தேன் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் பாதிப் பேர் தூங்குகிறார்கள், மீதிப் பேரைக் காணோம். பல் விழுந்த பெரியவர் மட்டும் விழித்திருந்து, எனக்கு முன்னாலேயே வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயந்திரம் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. படிக்கிற கதையைக் கேட்க ஆள் இல்லாவிட்டால் வானத்துக்கும் கேட்காது என்பது ஊர்க்கணக்கு. அப்போது உங்கள் பெரியம்மா ஒரு யோசனை சொன்னார். அம்மாவுக்கு மூத்தவர், தன் நிலத்தைத் தானே நின்று பார்க்கிறவர், அவர் பேச்சுக்கு ஊரில் எதிர்ப்பேச்சுக் கிடையாது. கசப்பு மருந்துக்குப் பின்னால் பிள்ளைகளுக்குக் கருப்பட்டி கொடுப்பதில்லையா, அதுபோலப் பழைய கதை முடிந்ததும் மாப்பிள்ளை தம் பையிலிருந்து ஏதாவது படிக்கட்டும் என்றார்.

மறுநாள் வைத்தியப் புத்தகத்தை எடுத்தேன். வயிற்று நோய்களின் குறிகள் என்ற பகுதி. பசி மந்தம், நாக்கில் வெள்ளை, உட்கார்ந்து எழுந்தால் அசதி என்று படிக்கப் படிக்கச் சாவடியில் ஒரு சத்தம் இல்லை. இவ்வளவு கவனமாகக் கேட்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம். அவர்கள் அவரவர் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. மறுநாள் ஆட்கள் இன்னும் குறைந்தார்கள். விசாரித்தால், புத்தகத்தில் சொன்ன பேதி மருந்தைக் குடித்துவிட்டு வீட்டை விட்டு நகர முடியாமல் இருக்கிறார்களாம். வைத்தியப் புத்தகத்தைப் பற்றிய என் அபிப்பிராயம் அன்று உறுதிப்பட்டது: வீட்டில் இருக்க வேண்டும், சத்தம் போட்டுப் படிக்கக் கூடாது.

அன்று சீமை யாத்திரையை எடுத்தேன். கப்பலும் சமுத்திரமும் வரைக்கும் வாயைப் பிளந்து கேட்டார்கள். சீமையில் இறங்கியதும்தான் வந்தது வினை. அங்கே தினமும் மழை தூறுகிறதென்றும், துரைமார் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த மழையைச் சபித்தபடியே நடக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தது. உங்கள் பெரியம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அம்புட்டு மழையையும் வாங்கி வச்சுக்கிட்டு அத வைய வேற செய்றாகளா? மூடி வைங்க மாப்ள அந்தப் பொஸ்தகத்த."

மூடினேன். மிச்சமிருந்தது நாவல் ஒன்றுதான்.

மழைக்காகப் படிக்கும் இடத்தில் கொலைக்கதையா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஆரம்பித்தேன். பெரிய ஜமீன் பங்களா. உள்தாழ்ப்பாள் போட்ட அறையில் ஜமீன்தார் செத்துக் கிடக்கிறார். வீட்டில் இளைய மனைவி, காரியஸ்தன், சமையற்காரன், கூப்பிடாமலே வந்து சேரும் ஒரு டாக்டர். துப்பறிகிறவர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு யோசிக்கிறார். முதல் அத்தியாயம் முடிந்ததும் சாவடியில் கிளம்பிய முதல் கேள்வி, ஜமீனுக்குப் பங்காளி யார் என்பது. பங்காளி என்று யாரும் கதையில் இல்லை என்றேன். ஒருவரும் நம்பவில்லை. பங்காளி இல்லாமல் கொலை எப்படி நடக்கும் என்று கேட்டார்கள். வரப்புத் தகராறு ஏதும் உண்டா என்று ஒருவர், கிணற்றுப் பாத்தியம் என்னாயிற்று என்று இன்னொருவர். இதையெல்லாம் எழுதாமல் விட்ட ஆசிரியருக்கு உலக அனுபவம் போதாது என்று தீர்மானமாயிற்று.

அடுத்த நாள் சாவடியில் உட்கார இடமில்லை. பேதி மருந்துக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்தும் வந்தார்கள். ஆனால் பழைய கதை முடிகிற நேரம் பார்த்துத்தான் வந்தார்கள். உங்கள் மாமா சாதுவானவர், குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்று வாசலில் குறுக்கே நின்றுகொண்டு ஒரே வார்த்தை சொன்னார்:

"முந்தி வராதவனுக்குக் கொலை கெடையாது."

அதன்பின் பழைய கதைக்கும் கூட்டம் குறையவில்லை. கொலைக்கதையைக் கேட்கிற அவசரத்தில் சிலர் என் வாயையே பார்த்தார்கள், சீக்கிரம் முடிக்கமாட்டானா என்று. பல் விழுந்த பெரியவருக்கு இது பொறுக்கவில்லை. ஆனால் அவரும் எழுந்து போகவில்லை; சமையற்காரன்மேல் அவருக்குச் சந்தேகம்.

ஊர் இரண்டுபட்டது. உங்கள் பெரியம்மா காரியஸ்தன்தான் என்றார். எது சொன்னாலும் உடனே ஆகட்டும் என்கிற மனிதனை நம்பக் கூடாது என்பது அவர் கட்சி. எனக்கும் மாமாவுக்கும் டாக்டர்மேல். கூப்பிடாமல் வருகிற வைத்தியன் எந்த ஊரில் உண்டு? உண்மையில் கொன்றது யார் என்று வழியில் மடக்கி என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். நானும் இன்னும் படிக்கவில்லை, உங்களோடு சேர்ந்துதான் படிக்கிறேன் என்றேன். அதுவே வம்பாயிற்று. நான் வீட்டில் ரகசியமாகப் படித்துவிடுவேன் என்று சந்தேகப்பட்டு, தினமும் படித்து முடிந்ததும் நாவலை வாங்கிப் பழைய கதைப் புத்தகத்தோடு சேர்த்து மஞ்சள் துணியில் கட்டிச் சாவடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாவி உங்கள் பெரியம்மாவின் இடுப்பில்.

பழைய கதை ஒருநாள் முடிந்தது. தேங்காய் உடைத்தார்கள். எல்லாரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தோம். வானம் துவைத்து உலர்த்திய வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. மாமா காட்டுப்பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து, காளைகளின் கழுத்து மணிகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சந்தைக்கு ஓட்டுமுன் செய்கிற வேலை அது.

நாவலில் கடைசி அத்தியாயம் பாக்கி. அதைக் கேட்க மனசில்லை என்று மாமா சொன்னார். உங்கள் பெரியம்மாதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தார். மாடு போனாலும் கொலைகாரன் யாரென்று தெரிந்துகொண்டு போகட்டும் என்றார்.

மறுநாள் மத்தியானம் ஒரே புழுக்கம். படித்தேன். துப்பறிகிறவர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துகிறார். பொடிமட்டையைத் தட்டுகிறார். "ஜமீன்தாரைக் கொன்றவர் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார், அவர்" என்பதோடு பக்கம் முடிந்தது. நான் விரலால் எச்சில் தொட்டேன். அந்த நேரம் சாவடிக் கூரையில் யாரோ சோளத்தை அள்ளி வீசினாற்போல் ஒரு சத்தம்.

மழை. இரண்டு மூச்சு விடுவதற்குள் சாவடி காலி. வரப்பை அடைக்க, மடையைத் திருப்ப, காயப்போட்டதை அள்ள என்று ஆளாளுக்கு ஓடினார்கள். மாமா மண்வெட்டியில்லாமலே ஓடினார். அவர் அழுதுகொண்டு ஓடினாரா சிரித்துக்கொண்டு ஓடினாரா என்று மழையில் தெரியவில்லை.

நானும் புத்தகமும் தனியாக இருந்தோம். பக்கத்தைத் திருப்ப விரலை வைத்தேன். வாசல்வரை ஓடிய உங்கள் பெரியம்மா திரும்பி வந்தார். என் கையிலிருந்து நாவலை எடுத்து மூடி, மஞ்சள் துணியில் கட்டி, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அப்புறம்தான் காட்டுக்கு ஓடினார்.

மழை நின்று நிதானமாகப் பெய்தது. பருத்தி நிமிர்ந்தது. காளைகளின் கழுத்தில் மணி மறுபடியும் ஏறியது. கடைசி அத்தியாயத்தை முடித்துவிடலாமா என்று கேட்டபோதுதான் ஊரின் அபிப்பிராயம் எனக்குத் தெரிந்தது. பழைய கதை முடிந்த அன்று வானம் வெளுத்திருந்தது. கொலைக்கதை நடக்கும்போதுதான் மழை இறங்கியது. ஆகவே மழையைக் கொண்டுவந்தது எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, பல் விழுந்த பெரியவர் ஒருவரைத் தவிர. முடித்துவிட்டால் மழை நின்றுபோகும். மேலும் வருகிற வருஷத்துக்கு என்ன செய்வது? மாமாவைப் பார்த்தேன். யாருக்காக நான் இவ்வளவு தூரம் வந்தேனோ அவரே கீழே பார்த்துக்கொண்டு, பருத்தி வெடிக்கட்டும், பார்ப்போம் மாப்ள என்றார்.

நான் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் படித்துக்கொள்கிறேன் என்று உங்கள் பெரியம்மாவிடம் கெஞ்சினேன்.

"மனசுக்குள்ள படிச்சாலும் படிச்சதுதான் மாப்ள."

மதுரைக்குத் திரும்பிப் பாயிடம் போய் அந்தப் புத்தகம் இன்னொன்று வேண்டும் என்றேன். என்ன பெயர் என்றார். பெயர் தெரியாது. எழுதியது யார் என்றார். அதுவும் தெரியாது. நீங்களாவது படித்திருக்கிறீர்களா, கொன்றது யார் என்று கேட்டேன். மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாயைத் தின்ன ஆரம்பித்தால் கடை என்னாகும் என்று பதில் சொன்னார்.

அதற்குப் பிறகு மழை தாமதமான வருஷங்களில் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். ஜமீன்தார் சாவதிலிருந்து பொடிமட்டையைத் தட்டுவது வரை படிப்பேன். அந்த இடத்தில் உங்கள் பெரியம்மா கையை நீட்டுவார், கொடுத்துவிடுவேன். பல தடவை பெய்திருக்கிறது. ஒரு வருஷம் பெய்யவில்லை. நான் அடுத்த பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன் என்று பழி என்மேல் விழுந்தது. சத்தியமாகப் பார்க்கவில்லை. தாள் மடங்கியிருந்ததைத்தான் நிமிர்த்தினேன்.

எந்தப் புத்தகம் நல்ல புத்தகம் என்று கேட்டீர்கள். எட்டாவது படித்தவனுக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். நீங்கள் மாமா வீட்டுக்குப் போனால், கண்மாய் நிரம்பி மறுகால் பாய்கிற வருஷமாகப் பார்த்துப் போங்கள். அப்போதுதான் மனமிரங்கிப் பெட்டியைத் திறப்பார்கள். கடைசிப் பக்கங்களைப் படித்து எனக்குச் சொல்லுங்கள். டாக்டர்தான் என்றிருந்தால் உங்கள் பெரியம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டாம். காரியஸ்தன் என்றே சொல்லிவிடுங்கள்.