நான் வெட்டிய கை

"சினிமான்னாலே பொய்தானடி. நீ மட்டும் இன்னாத்த உண்மையா காட்டிடப் போற?" என்று அம்மா கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், கல்லூரியும் முடித்தவள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பவர் பிரஸ் மிஷின் ஓட்டும் அம்மாவைப் பற்றிப் பத்து நிமிடப் படம் எடுத்தேன். தகரக் கூரை இடுக்கில் விழும் வெயில், எண்ணெய் பூசிய தகடுகளின் மினுமினுப்பு. மிஷின் சத்தத்தை எடுத்துவிட்டு வயலின் சேர்த்தேன். முன்பு பிரஸ்ஸில் சிக்கிய அம்மாவின் இடது கை தெரிந்த இடங்களை, பார்க்க நன்றாக இல்லை என்று வெட்டிவிட்டேன்.

எதிர் வீட்டு செல்வி அக்கா அதைப் போனில் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "கம்பெனி இன்னாமா ஜொலிக்குதுக்கா! எம் பொண்ணுக்குப் பன்னெண்டாவது இன்னாத்துக்கு? நாளைக்கே அங்க சேத்துவுடு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அம்மா முந்தானைக்குள்ளிருந்து இரண்டு விரல் இல்லாத கையை எடுத்து அவர் முன் விரித்தாள்.

"இது படத்துல வரல, செல்வி."

நான் எடுத்த காட்சி ஒவ்வொன்றும் உண்மைதான். வெட்டியதில்தான் படம் பொய்யானது.

இப்போது வயலின் இல்லை. படம் அந்தக் கையில் தொடங்குகிறது. செல்வி அக்காவின் மகளுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினேன்.