ஈயத்தை விரட்டியவள்

பேட்டரிப் பட்டறையில் ஈயத் தகடுகளைப் பற்றவைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பதினோரு வருஷப் பழக்கம். இரண்டு வருஷமாக வயிற்றைப் பிசைந்தெடுத்த வலியை அல்சர் என்று நம்பி, மாத்திரையை விழுங்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் தலைவாரச் சீப்பை எடுத்தாள். வலது மணிக்கட்டு வாடிய தண்டுபோலத் தொங்கிவிட்டது. பக்கவாதம்தான் என்று நாத்தனார் அழுது ஊரைக் கூட்டினாள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா கையைப் பார்த்த கையோடு உதட்டை விலக்கி ஈறையும் பார்த்தார். ஓரத்தில் நீலக்கோடு. என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். ரத்தத்தில், ஐந்துக்குள் இருக்க வேண்டிய ஈயம் தொண்ணூற்றிரண்டு.

"இது வாதமில்லம்மா, விஷம். ஈயத்தைக் கெட்டியாப் பிடிச்சு, சிறுநீர் வழியா வெளிய இழுத்துட்டுப் போற மருந்து இருக்கு. ஆனா நீங்க மறுபடியும் அந்தப் புகையில போய் நின்னா மருந்தும் தோத்துடும்."

ஐந்து நாள் ஊசியும் டிரிப்பும். பிறகு காப்ஸ்யூல். டப்பாவைத் திறந்தாலே அழுகிய முட்டை நாற்றம். தையல்காரக் கணவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்துக்கு ஈயம் என்ன, நானே ஓடிடுவேன்" என்றான். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

பால் குடித்தால் சரியாகிவிடும், வேலைக்கு வரட்டும் என்று முதலாளி ஆள் விட்டார். போனாள், உள்ளேதான் போகவில்லை. வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருத்தியிடமும் தன் ரிப்போர்ட்டை நீட்டினாள். வேலை போய்விடுமே என்று தயங்கியவர்களிடம், "கை போனா வேலையும்தான் போகும்" என்றாள். பதினான்கு பேர் சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். ஒன்பது பேருக்கு ஈயம் ஏறியிருந்தது.

அத்தனை ரிப்போர்ட்டையும் தொழிலாளர் அதிகாரியின் மேஜையில் இடது கையால் வைத்தாள். புகையை உறிஞ்சும் விசிறி, முகமூடி, குளியலறை, ஒன்பது பேருக்கும் சம்பளத்தோடு சிகிச்சை. எல்லாம் வரும்வரை, அதிகாரியின் உத்தரவில் பட்டறை பூட்டியே கிடந்தது.

இந்தப் பக்கம், முதல் சுற்று மருந்தில் முப்பத்தெட்டுக்கு இறங்கிய ஈயம் இரண்டே வாரத்தில் ஐம்பதாக ஏறியது. எலும்பில் பதுங்கியிருந்தது வெளியே வருகிறது என்றார் டாக்டரம்மா.

"வரட்டும் டாக்டர், வர வர அடிச்சுத் துரத்துவோம்."

துரத்தினார்கள். இன்னும் மூன்று சுற்று. நான்காம் மாதம் விரல் அசைந்தது. ஏழாம் மாதம் மணிக்கட்டு நிமிர்ந்தது. நாத்தனாருக்கு அவளே தலை பின்னிவிட்டாள், வலிக்க வலிக்க இறுக்கி.

இப்போது அதே பட்டறையில், செய்து முடித்த பேட்டரிகளைச் சோதிக்கும், ஈயம் அண்டாத அறையில் வேலை. புகை உறிஞ்சும் விசிறி ஒரு நிமிஷம் நின்றாலும் பட்டறையின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவாள். ஏன் என்று முதலாளி கேட்பதில்லை.