அப்பா அரைத்த கச்சான்

அப்பாவுக்கு இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதற்கான தண்டனையை அனுபவித்தவர்கள் அம்மாவும் நானும். அப்போது எனக்குப் பத்து வயது.

அப்பா மாநகர சபையில் கிளார்க். அதுவரை எங்கள் வீட்டில் தேயிலைத்தூள் எந்த டின்னில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர் ஒரு மாலை போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டில் ஐஸ்கிரீம் கிடையாது, பிஸ்கட் கிடையாது, எல்லாருக்கும் தானே சத்தான தின்பண்டம் செய்து தரப்போவதாக அறிவித்தார். சீனி கூடியவர் அவர் ஒருவர்தான். 'எல்லாருக்கும்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்டாள். அப்பா வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

வீடியோவில் ஒரு வெளிநாட்டுப் பெண் தயிரை உறைய வைத்து ஐஸ்கிரீம் மாதிரி செய்தாள். கச்சானை, அதாவது நிலக்கடலையை, அரைத்து வெண்ணெய் போல ஆக்கினாள். அவளுடைய சமையலறை வெள்ளை வெளேர் என்று இருந்தது, எதுவும் சிந்தவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அப்பா ஒரு சட்டி எருமைத் தயிரைத் தன் பழைய வேட்டித் துண்டில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரங்களின் மேல் தயிரிலிருந்து வடிந்த தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கச்சானை வறுத்துத் தோலுரித்தார். தோலைச் சுளகில் புடைத்துப் பிரிக்கத் தெரியாமல் மேசை விசிறியைப் போட்டுவிட்டார். கண்டிக்கு மேலே நாங்கள் இருந்த அம்பிட்டிய மேட்டில் வீடுகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக இருக்கும். தோல் முழுவதும் பறந்துபோய்க் கீழ்வீட்டுக்காரர்கள் காயப்போட்டிருந்த வெள்ளைச் சீருடைகளில் ஒட்டிக்கொண்டது. அம்மாதான் இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டாள்.

அரைப்பது இன்னொரு கதை. கச்சான் முதலில் தூளாகும், பிறகு கட்டியாகித் திரளும், அதன்பிறகும் விடாமல் அரைத்தால்தான் எண்ணெய் பிரிந்து இளகும். அதற்குள் எங்கள் மிக்ஸி சூடாகி நின்றுவிடும். அது ஆறும்வரை அப்பா பக்கத்தில் நின்று விசிறுவார். அதே ஜாரில்தான் அம்மா சம்பலுக்குத் தேங்காயும் மிளகாயும் அரைப்பாள். ஆகவே முதல் தடவை கச்சான் பட்டரில் காய்ந்த மிளகாய் உறைத்தது. மறுநாள் சம்பலில் கச்சான் மணத்தது.

"ஆபீஸ்ல பைல் எல்லாம் தூங்குது. இவரு இங்க நின்னு மிக்ஸிக்கு விசிறுறாரு" என்றாள் அம்மா.

"கடையில விக்கிறது பூரா சீனி. இதுல ஒரு சிட்டிகை சீனி இல்ல" என்றார் அப்பா.

"ருசியும் இல்ல."

அவர் கடைசியில் வந்து சேர்ந்த பண்டம் இதுதான்: இரண்டு வாழைப்பழ வில்லைகள், நடுவில் கச்சான் பட்டர், அதைக் கெட்டித் தயிரில் முக்கி, தட்டில் அடுக்கி, பிரீசரில் வைப்பது. அந்தத் தட்டு நேராக நிற்க வேண்டும் என்பதற்காக அம்மாவின் மீன் வெளியேற்றப்பட்டது. உறைந்ததும் அவை கல்லாக இருந்தன. கடித்தால் பல் கூசியது. கொஞ்சம் பொறுத்துச் சாப்பிட வேண்டும் என்பார். பொறுத்தால் உருகி ஒழுகும். கல்லுக்கும் கூழுக்கும் நடுவே ஒரு நல்ல நேரம் இருக்கிறதாம். அதை நான் ஒருநாளும் பிடித்ததில்லை. ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கும் டப்பாவில் போட்டு அனுப்பினார். இடைவேளைக்கு முன்பே அது வழிந்து என் கணக்குக் கொப்பியைத் தயிர்சாதமாக்கியது. டீச்சர் கொப்பியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று கேட்டார். 'சத்தான தின்பண்டம்' என்றேன். வகுப்பே சிரித்தது.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மாமா வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அன்று மாமா வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறது என்று அப்பா தன் மடியிலேயே என்னை வைத்துக் குத்தச் சொல்லிவிட்டார். மாமா தோட்டோடு வந்து சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. தோட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு, கை நனைக்காமல் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மாதான் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அப்பாவும் "வேணும்னா அவன் வரட்டும்" என்று இருந்துவிட்டார்.

இப்போது மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அக்காவையும் மச்சானையும் முறைப்படி அழைக்க வேண்டும். மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தவர் காலையிலேயே வந்துவிட்டார். அம்மா கோழி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

மாமா கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பை. அப்பா எதிர்க் கதிரையில். இரண்டு பேரும் ஓடாத டிவியைப் பார்த்தார்கள். நான் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்து அலுத்துப்போனேன்.

"பஸ்ல கூட்டமா?" என்றார் அப்பா.

"இல்ல மச்சான்."

மறுபடி டிவி. திடீரென்று அப்பா எழுந்து பிரிஜைத் திறந்தார். ஐயோ, இதையா கொடுக்கப் போகிறார் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. பிஸ்கட் இல்லாத வீட்டில் வேறு என்னதான் கொடுப்பது? ஒரு பீங்கான் தட்டில் அந்த உறைந்த பண்டத்தில் மூன்றை வைத்து, கரண்டி போட்டு, தன் கையாலேயே நீட்டினார்.

"சாப்பிடுங்க மாப்பிள்ளை. நானே செஞ்சது. வாழப்பழம், தயிர், கச்சான். சீனி இல்ல."

மாமா தட்டை வாங்கவில்லை. "கச்சானா?" என்று மட்டும் கேட்டார்.

"கச்சான்தான். கடையில வாங்கினது இல்ல, வீட்டுல வறுத்து அரைச்சது."

மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு மாமா வாங்கிக்கொண்டார். ஒன்றைச் சாப்பிட்டார். "நல்லாருக்கு மச்சான்" என்றார். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது. அப்பா முகம் மலர்ந்து, அரைக்கும் பக்குவத்தை விளக்கத் தொடங்கினார். மாமா தலையாட்டிக்கொண்டே இரண்டாவதையும் சாப்பிட்டார். கழுத்தைச் சொறிந்தார். மூன்றாவதைப் பாதி கடித்தபோது அவர் மேலுதடு தடித்திருப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். கழுத்தில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம்.

கோழிப் பையோடு உள்ளே வந்த அம்மா, தம்பியின் முகத்தையும் தட்டையும் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டாள்.

"கச்சான் குடுத்தீங்களா? சின்ன வயசுலேருந்தே அவனுக்கு ஆகாதே."

"எனக்கு எப்படித் தெரியும்? கச்சான்னு சொல்லித்தானே குடுத்தேன்" என்றார் அப்பா.

கீழ்வீட்டுக்காரரின் ஆட்டோவில் கண்டிக்கு இறங்கினோம். அப்பா மாமாவைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார். வளைவுக்கு வளைவு, "வாயைத் தெறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மாப்பிள்ளை" என்று திட்டிக்கொண்டே வந்தார். மாமாவுக்குப் பேச மூச்சில்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா அப்பாவைத் திட்டினாள். நடுவில் நசுங்கிய எனக்கு எல்லார் மேலும் எரிச்சல் வந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அப்பா, தள்ளுவண்டி வரும்வரை காத்திருக்காமல், மாமாவைத் தாங்கிக்கொண்டே உள்ளே ஓடினார்.

ஊசி போட்டார்கள், மூச்சுக்குக் காற்று வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். அன்று மாமாவை வார்டில் வைத்துக்கொண்டார்கள். துணைக்கு யார் இருப்பது என்ற பேச்சு வருவதற்குள், அப்பா ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் நாங்கள் சோறு கொண்டுபோனபோது மாமாவின் முகம் பழையபடி ஆகியிருந்தது. மாமா சோற்றைப் பிசைவதற்குத் தோதாக அப்பா தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்துக் கையலம்பியதும் மாமா, நாங்கள் கொண்டுபோயிருந்த தன் பையிலிருந்து வெற்றிலை பாக்கோடு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, கட்டிலில் உட்கார்ந்தபடியே நீட்டினார். அப்பா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார்.

அம்மாவும் அப்பாவும் டாக்டரைப் பார்க்கப் போன நேரத்தில் நான் மாமாவிடம் கேட்டேன்.

"ஆகாதுன்னு தெரிஞ்சும் ஏன் மாமா சாப்பிட்டீங்க?"

"கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான்னு நெனச்சேன்மா."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

மாமா சிரித்தார். "சொல்லியிருக்கலாம்" என்றார். இது ஒரு பதிலா? அவ்வளவு படித்த ஆசிரியருக்கு இந்த அளவு மூளைதானா என்று எனக்குத் தோன்றியது.

கல்யாணத்துக்கு அப்பா முதல் ஆளாகப் போய் நின்றார். கச்சான் வறுப்பதை அன்றோடு விட்டுவிட்டார். மீன் பிரீசருக்குத் திரும்பியது. ஆனால் கதையை விடவில்லை. ஆபீஸில், பஸ்ஸில், முடிவெட்டும் இடத்தில், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னார். "என் மச்சினன் இருக்கானே, அறிவு கெட்டவன். உசுருக்கே ஆகாதுன்னு தெரியும். நான் குடுத்தேன்னு வாங்கி, ஒண்ணு இல்ல, மூணு சாப்பிட்டான்." மூன்றாவதில் பாதி தட்டிலேயே கிடந்தது என்று நான் ஒவ்வொரு தடவையும் திருத்தினேன். அப்பா என்னைச் சட்டை செய்யாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். மாமாவை இப்படி ஊரெல்லாம் வைகிறாரே என்று எனக்கு மாமாவுக்காக வருத்தமாக இருந்தது. அப்பா வையவில்லை என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.